இருபத்திரண்டு கிலோமீட்டர்

பதினோரு மாதமாக அந்தப் பட்டறையில் இரண்டு ஆண்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பொதுவாகப் பேச்சு முறிந்தவர்கள் விலகிப் போய்விடுவார்கள். ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு ஊர் என்று நிம்மதியாக வெறுத்துக்கொண்டு கிடப்பார்கள். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதிலிருந்து மாலை ஆறு மணி வரை ஒரே கூரைக்குக் கீழே, இருபதடி இடைவெளியில், ஒருவன் மூஞ்சியை ஒருவன் பார்த்துக்கொண்டேதான் பேசாமல் இருந்தார்கள். ஒருவன் அவளுடைய அண்ணன். இன்னொருவன் அவளுடைய கணவன்.

அண்ணனுக்கு முன்பக்கத்துக் குழி. வண்டியை ஏற்றி நிறுத்தி, கியர் பெட்டியைக் கழற்றி இறக்கி, பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி மறுபடி ஏற்றுவது அவன் வேலை. கணவனுக்குப் பின்பக்கத்துக் கண்ணாடி அறை. லேப்டாப்பை ஒயர் போட்டு வண்டியோடு இணைத்து, கியர் மாற்றும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது அவன் வேலை. ஆட்டோமேட்டிக் வண்டிகள் மட்டும்தான் அங்கே வரும். அவற்றில் கிளட்ச் மிதி கிடையாது. எப்போது எந்தக் கியர் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்து வால்வு பாடியில் இருக்கிற வால்வுகளுக்குக் கரண்டு அனுப்பும், வால்வு திறந்தால் எண்ணெய் பாயும், எண்ணெய் தள்ளினால் உள்ளே இருக்கிற தட்டுகள் கவ்விக்கொள்ளும், வண்டி நகரும். ஆக, மூளை ஒருவன் கையில், உடம்பு இன்னொருவன் கையில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் பிழைப்பு எப்படி நடக்கும்? அவள் நடந்தாள். அதனால் பிழைப்பும் நடந்தது.

"அவன்கிட்ட சொல்லு, வால்வு பாடி மாத்தியாச்சுன்னு" என்பான் அண்ணன், கண்ணாடி அறைக்கே கேட்கிற குரலில். அவள் இருபதடி நடந்து போய்ச் சொல்வாள். "எண்ணெய் எத்தனை லிட்டர் ஊத்தினார்னு அவர்கிட்ட கேளு" என்பான் கணவன். அவள் திரும்பி நடப்பாள். தபால்காரனுக்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு. இவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனிடமிருந்து போன் வரும். எடுத்த எடுப்பில் "அவன்கிட்ட சொல்லு" என்றுதான் ஆரம்பிப்பான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற பழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

சண்டை வந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு வேன் மூன்றாவது கியருக்கு மேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அண்ணன் மூன்று நாள் மெனக்கெட்டுப் பெட்டியை முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டான். நான்காம் நாள் கணவன் வந்து, வேகத்தை அளக்கிற சென்சாரின் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது, சுரண்டிவிட்டால் போதும் என்றான். அதை அண்ணனின் காதோடு சொல்லியிருக்கலாம். வேன்காரர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான். "பட்டன் தட்டறவன் எல்லாம் மெக்கானிக்குன்னு கிளம்பிட்டா இப்படித்தான்" என்று அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வீசினான். அன்றோடு முடிந்தது.

அவளுடைய உண்மையான வேலை சேதி சுமப்பதல்ல. வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியையும் சாலையில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. அண்ணனின் காதைக் கணவன் நம்ப மாட்டான். கணவனின் திரையை அண்ணன் நம்ப மாட்டான். அவளுடைய பாதத்தை இரண்டு பேரும் நம்பினார்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு ஏறும்போது மயிரிழை உதறினாலும் அவள் சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர்கள் அவளை டெஸ்ட் அக்கா என்றார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. அந்தப் பட்டறையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

திங்கட்கிழமை போன பல் டாக்டரம்மாவின் காரிலும் அவள் கையெழுத்துதான் இருந்தது. அந்தக் கார் இப்போது முகப்பு நசுங்கி, ஒற்றை விளக்கு தொங்க, முற்றத்தில் நிற்கிறது.

டாக்டரம்மா பட்டறையிலிருந்து நேராகத் தன் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பின்பக்கத்தில் காரை நேராக நிறுத்துவதற்காக ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னே போகப் போட்டிருக்கிறார். வண்டி அசையவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. என்ன சங்கடம் என்று ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்திருக்கிறார். அப்போது பார்த்துத் தட்டுகள் மடாரென்று கவ்வ, வண்டி எகிறிப் போய்ச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பல் பிடுங்குகிற கை. சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் காத்திருக்கும் அறை. சுவரை ஒட்டிய நாற்காலியில் இருந்தவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாராம். நாற்காலி இரண்டாக மடங்கிக் கிடந்தது என்றார்கள். அந்த நாற்காலி மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்க விடவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் காப்பீட்டு சர்வேயர் வருவதாகச் சொல்லியிருந்தார். தப்பு யாருடையது என்று எழுதிக்கொண்டு போவார்.

தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கியர் மாற்றும் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு பழக்கவாதி. ஒவ்வொரு தட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அது கவ்வ எத்தனை எண்ணெய் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஓட ஓடக் கற்று மனப்பாடம் செய்துவைத்திருக்கும். வால்வு பாடியைப் புதிதாக மாற்றினால் அந்தப் பழைய பாடம் உதவாது. அதை அழிக்க வேண்டும். அழித்த பிறகு புதுப் பாடம் கற்றுக்கொடுக்க வேண்டும். எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, இதமாக மிதித்து, ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கி, நின்று, திரும்பக் கிளம்பி, நாற்பது நிமிடம், குறைந்தது இருபத்திரண்டு கிலோமீட்டர். பட்டறையில் அதற்குப் பெயர் பழக்க ஓட்டம். அண்ணன் திங்கட்கிழமை வால்வு பாடியை மாற்றினான். புத்தம் புதியது, அது வந்த அட்டைப் பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்டதே அவள்தான். கணவன் பழைய பாடத்தை அழித்தான். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பழக்க ஓட்டம் அவளுடைய பொறுப்பு.

அன்று காலை ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்காகக் குழிக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் அவளைப் பதினேழு தடவை நடக்கவைத்திருந்தார்கள். எண்ணிக்கொண்டுதான் நடந்தாள். பதினெட்டாவது தடவை அண்ணன் "அவன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தபோது டாக்டரம்மாவின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோமீட்டர் போனாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மரநிழல் இருந்தது. ஓரம் கட்டினாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்து நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, தூங்கவுமில்லை. யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லாத ஒரு நாற்பது நிமிடம், அவ்வளவுதான். பதினோரு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே தனி அறை அந்தக் கார்.

திரும்பக் கிளம்பும்போது வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. நகரும்போது ஒரு குத்து. அவள் பாதத்துக்குத் தெரியாமலா போகும்? தெரிந்தது. ஓட்ட ஓட்டத் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பல வண்டிகள் அப்படிக் கற்றுக்கொள்வதும் உண்டு. பட்டறைக்கு வந்து வண்டியின் வேலைக் கார்டில் பழக்க ஓட்டம் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று எழுதி, வழக்கம்போல் வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணன் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கவுண்டருக்கு வந்தான். முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும்.

"கார்டை எடு."

எடுத்து வைத்தாள். பழைய பாடம் அழிக்கப்பட்டது என்ற வரிக்கு எதிரே கணவன் போட்டிருந்த டிக்கை எண்ணெய் விரலால் தட்டினான்.

"வண்டி இங்கிருந்து கிளம்பறப்போ இந்த டிக் இல்ல. இடிச்ச பிறகு போட்டிருக்கான். அப்படித்தானே?"

"இல்லண்ணே. அப்பவே போட்டார்."

"நீ அப்படித்தான்னு சொல்லணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. பழசை அழிக்காம வண்டியை அனுப்பினவன் அவன். புது வால்வுக்குப் பழைய கணக்குல கரண்டு போயிருக்கு. வேற என்ன?"

"அழிச்சார்ண்ணே. நான் பக்கத்துலயே நின்னேன்."

"உனக்கு அந்தத் திரையில என்ன தெரியும்? அவன் சினிமா காட்டியிருப்பான், நீ தலையாட்டியிருப்ப." குரலைத் தாழ்த்தினான். அவன் குரலைத் தாழ்த்தினால் அதற்கு விலை அதிகம். "இத பாரு. நீ என் கூடப் பிறந்தவ. இன்னிக்கு அவன் பக்கம் பேசினா நான் குழியை மூடிட்டுப் போய்ட்டே இருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் லேப்டாப்பை வச்சே கியர் பெட்டியைக் கழட்டுங்க."

அவன் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து கணவன் தலையை நீட்டினான்.

"உள்ள வா."

உள்ளே போனாள். திரையில் எண்கள் வரிசை வரிசையாக நின்றன. அவன் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னார் உங்க அண்ணன்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமதான் இவ்வளவு நேரம் குனிஞ்சு நின்னாரா? சரி, விடு. சர்வேயர் கேட்டா நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. வால்வு பாடி புதுசா பழசான்னு நீ பார்க்கல. அவர் புதுசுன்னு எழுதச் சொன்னார், எழுதின. போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"பெட்டியை நான்தானேங்க வாங்கினேன்?"

"பெட்டியை வாங்கின. பெட்டியில இருந்ததையேதான் மாட்டினாரா? உனக்கு எப்படித் தெரியும்? கழுவின பழசை மாட்டியிருக்கலாம் இல்ல?"

"அண்ணன் அப்படிச் செய்யற ஆள் இல்லங்க."

"அப்ப நான் செய்யற ஆளா?" நாற்காலியைச் சுழற்றி அவளைப் பார்த்தான். "பொண்டாட்டியா தங்கச்சியான்னு இன்னிக்கு முடிவு பண்ணிடு. தினமும் ரெண்டாவும் நடிக்க வேண்டாம்."

அவள் வெளியே வந்து கவுண்டரில் உட்கார்ந்தாள். பயம் என்று சொன்னால் பாதிப் பொய். கோபம். மூன்று நாளாக இருவரும் எண்களோடு முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். பாடம் அழித்தபோது மீட்டர் எண்பத்துநாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. சுவரில் இடித்தபோது இருநூற்று இருபத்தாறு. நடுவில் ஓடியது பதினான்கு. மருத்துவமனைக்கு மட்டும் பதினொன்று. மிச்சம் மூன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கழித்தல் அது. இரண்டு எண்ணும் இருவர் கண்ணுக்கும் எதிரே கிடந்தன. ஒருவனும் கழித்துப் பார்க்கவில்லை. அண்ணன் மாப்பிள்ளையின் வரியை மட்டும் பார்த்தான். கணவன் மச்சானின் வரியை மட்டும் பார்த்தான். அவள் வரி இருவருக்குமே காலி இடம்.

அந்த நேரத்தில் ஒரு கெட்ட எண்ணம் வரத்தான் செய்தது. இரண்டு பேருமே ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எதில் நுழைந்தாலும் அவள் தப்பிவிடலாம். ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் அவன் பட்டறையை விட்டுப் போவான்; இருபதடி நடையும் ஒழியும். கையெழுத்தும் அவளிடமே இருக்கும். யாரைக் காட்டிக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்றுகூட ஒரு நிமிடம் கணக்குப் போட்டாள். பிறகு அந்த மடங்கிய நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சர்வேயர் பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். குள்ளமான மனிதர், கக்கத்தில் ஒரு கோப்பு, எதையும் தொட்டுவிடக் கூடாது என்கிற நடை. காரைச் சுற்றி வந்து படம் எடுத்தார். தன் கையடக்கக் கருவியை மாட்டி எண்களைக் குறித்துக்கொண்டார். பிறகு கவுண்டர் பக்கத்தில் நின்று, "சரி, யார் முதல்ல பேசறீங்க?" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"சார், பழைய கணக்கை அழிக்காம வண்டியை வெளிய அனுப்பியிருக்காங்க..."

"சார், மாட்டின பாகமே சந்தேகமா இருக்கு..."

"யாருக்கு சந்தேகம்? இருபத்தஞ்சு வருஷமா பெட்டி பிரிக்கறேன் சார், அவன்கிட்ட கேளுங்க, ஒரு தட்டை அவன் கையால தொட்டிருக்கானான்னு!"

"அவர்கிட்ட கேளுங்க சார், கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் இருக்குன்னு அவருக்குத் தெரியுமான்னு!"

சர்வேயர் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பி அலுத்துப்போனார். "ஏன், நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்க மாட்டீங்களா?" என்றார்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணனின் பார்வையில் கூடப் பிறந்தவள் என்பது இருந்தது. கணவனின் பார்வையில் முடிவு பண்ணிடு என்பது இருந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. இதுல உங்க கையெழுத்தும் இருக்கே" என்றார் சர்வேயர்.

அவள் எழுந்து நின்றாள்.

"பாகம் புதுசு சார். பெட்டியை நான் வாங்கினேன், எங்க அண்ணன் பிரிச்சு மாட்டினதையும் பார்த்தேன். பழசை அழிச்சதும் நிஜம். எங்க வீட்டுக்காரர் அழிக்கறப்போ பக்கத்துல நின்னேன். இவங்க ரெண்டு பேரும் வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க." கார்டைத் திருப்பித் தன் கையெழுத்தைக் காட்டினாள். "பழக்க ஓட்டம் நான் ஓட்டணும். ஓட்டல. இருபத்திரண்டு கிலோமீட்டர்னு எழுதினேன். மூணுதான் ஓட்டினேன். மீட்டரைக் கழிச்சு, ஆஸ்பத்திரி தூரத்தையும் கழிச்சுப் பாருங்க, தெரியும்."

சர்வேயர் பேனாவால் தாளில் கழித்துப் பார்த்தார். "ஆமா. மூணு" என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "ஏம்மா ஓட்டல?"

மரநிழலும் ஏசியும் அந்த நாற்பது நிமிடமும் நாக்கு நுனி வரை வந்தன. இரண்டு பேரையும் பார்த்தாள். சொன்னால் புரியுமா? புரிந்தாலும் ஒரு மணிக்கட்டு ஒட்டிக்கொள்ளுமா?

"தப்பு சார். எனக்குத் தெரிஞ்சே செஞ்சேன். வண்டி குத்தினதும் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

"இப்படி எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கறேன். டாக்டரம்மாவை நேர்ல பார்த்தும் சொல்லிடறேன்."

எழுதிக் கொடுத்தாள். சர்வேயர் இரண்டு முறை படித்துவிட்டு, அவள் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கார் தெருமுனை திரும்பும் சத்தம் வரை கேட்டது.

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டட்டும், நியாயம்தான் என்று தயாராகவும் இருந்தாள். ஒரு பொய்யால் உங்களில் ஒருவரை அடித்து விரட்டியிருக்கலாம், நான் செய்யவில்லை, அதையாவது நினைத்துப் பார்ப்பார்கள் என்று எங்கேயோ ஒரு மூலையில் சின்ன எதிர்பார்ப்பும் இருந்தது. அதை ஏன் மூடி மறைக்க வேண்டும்? இருந்தது.

அண்ணன் கைத்துணியை உதறித் தோளில் போட்டான். அவள் தலைக்கு மேலாகப் பார்த்து, பதினோரு மாதம் கழித்து, நேராகப் பேசினான்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை?"

கணவன் பெருமூச்சு விட்டான். "பார்த்தேன் மச்சான்."

"மூணு நாளா உங்களைச் சந்தேகப்பட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"நானும்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். இவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நமக்குள்ள இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"எங்க வந்திருக்கும்? சின்னதுலேர்ந்தே அழுத்தக்காரி. எங்கம்மாவே சொல்லும்."

"பதினோரு மாசமா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இவதானே சேதி சொல்லிட்டிருந்தா? அதுல எதைச் சொன்னா, எதை விட்டாளோ, யாருக்குத் தெரியும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன் மாப்பிள்ளை."

அந்த வார்த்தை ஒன்றுக்காகவே இரண்டு பேரையும் குழிக்குள் தள்ளி ஷட்டரை இழுத்துவிடலாம் என்று அவளுக்கு வந்தது. அவர்களோ அவளைத் தாண்டி நடந்து போய் அந்த நசுங்கிய காரின் முகப்பில் தோளோடு தோள் ஒட்ட நின்று, ரேடியேட்டரைக் காட்டி ஏதோ பேச ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் பழக்க ஓட்டத்துக்கு அண்ணன் ஓட்டுவது, கணவன் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்வது என்று இரண்டே நிமிடத்தில் ஏற்பாடும் ஆகிவிட்டது. நடுவில் அண்ணன் ஏதோ சொல்ல, கணவன் சிரிக்கக்கூடச் செய்தான்.

பிறகு கணவன் திரும்பினான். அவள் மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"மச்சான், அவகிட்ட சொல்லுங்க. வண்டி சாவி எல்லாத்தையும் மேஜையில வச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லி."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். அவள் காதில் அது விழவேயில்லை என்பதுபோல முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"சாவி எல்லாத்தையும் மேஜையில வச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்றார்."

அவள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வச்சாச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் சட்டென்று கணவன் பக்கம் திரும்பி, சொல்வதற்கு வாயைத் திறந்தேவிட்டான்.